மூன்றாம் அங்கத்தில் ஒரு கதவு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பொடிசு எழுதிக்கொள்வது. இங்கே இவரும் நானும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலேயே நீ பிழை திருத்தியிருப்பாய். முப்பது வருஷமாக அச்சகத்தில் அடுத்தவர் தப்பையே பார்த்துப் பார்த்து உனக்கு அந்தப் புத்தி வந்துவிட்டது.

சனிக்கிழமை என் மானம் போயிற்று. எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய காது டாக்டருக்கு இசைத்தட்டுப் பைத்தியம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மதியம் நோயாளிகள் போன பிறகு எங்கள் நாலைந்து பேரை உட்காரவைத்து எதையாவது போடுவார். அன்று ஒரு பெட்டியை எடுத்து, "இது பிரெஞ்சு ஓபரா. மேடையில பாட்டாவே நடக்கிற நாடகம். ஓபராவே கேட்காதவங்களுக்குக் கூட இது பிடிக்கும்" என்றார். முள்ளை வைத்தார். முதல் வயலின் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுடைய பாட்டு.

 மூன்றாம் அங்கத்தில் கதாநாயகி தனியாக நின்று பாடுவாளே, குரல் படிப்படியாக இறங்கி, வாத்தியங்கள் எல்லாம் ஒரு மூச்சு நேரம் நிற்குமே, அந்த இடம் வந்தது. நான் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து, கொஞ்சம் நின்று, சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். நம் வீட்டில் அப்பா செய்த மாதிரியே. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"யாராவது வந்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். தட்டுமே, அதான்."

"என்ன தட்டும்?"

அப்போதுதான் உறைத்தது. அவருடைய இசைத்தட்டில் கதவைத் தட்டும் அந்த மூன்று சத்தம் இல்லை. மறுபடி முள்ளை வைத்து மூன்று தடவை போட்டுக் காட்டினார். இல்லவே இல்லை. "எங்க வீட்டுப் பதிவுல இந்த இடத்துல கதவைத் தட்டற சத்தம் வரும். எங்க அப்பா எழுந்து போய்த் திறப்பார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். "நான் முப்பது வருஷமா கேக்கறேன்மா. இதுல யாரும் எந்தக் கதவையும் தட்டறதில்ல. அந்தப் பொண்ணு ஊரை விட்டுப் போகப் போறா, துணியெல்லாம் மடிச்சு வெச்சுக்கிட்டே பாடறா. அவ்வளவுதான்" என்றார்.

செத்துப்போன காதலன் வந்து தட்டுகிறான், அவள் திறக்கமாட்டாள் என்றல்லவா நான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்? எனக்கு அந்தக் கதையைச் சொன்னது நீயா, அப்பாவா? அப்பா பதிந்த நம் டேப்பை ஒரு தடவை போட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
பொடிசு


ஜனவரி 25

அன்புப் பொடிசுக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் இருக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் கடிதத்தில் ஏழு பிழை. சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன், வரும்போது காட்டுகிறேன்.

ஒரு தட்டில் இருப்பது இன்னொரு தட்டில் இருக்க வேண்டும் என்று என்ன சட்டமா? ஒரே நாடகத்தை ஊருக்கு ஒருத்தி பாடியிருப்பாள். அப்பா பதிந்தது ஏதோ மேடையில் நேரடியாக நடந்ததாக இருக்கும். திரைக்குப் பின்னால் யாராவது பலகையைக் கீழே போட்டிருப்பான். காதலன் கதை நீயாகக் கட்டியது. சின்ன வயதிலேயே உனக்குக் கற்பனை ஜாஸ்தி.

டேப் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அப்பா போன பிறகு அந்த அலமாரியை நான் திறப்பதில்லை. இருந்தாலும் பூஞ்சை பிடித்திருக்கும். இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் நேரத்துக்குச் சாப்பிடு. தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டாயா, போட்டுக்கொண்டிருக்கிறாயா?

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். பிழை இந்தத் தடவை எட்டாவது தேறும், சிவப்பு மையை எடுத்து வைத்துக்கொள்.

நீ சொன்னதை நம்பி நான் மூன்று வாரமாக அலைந்தேன். டாக்டரிடம் மூன்று பதிவு, அவர் நண்பர் ஒருவரிடம் ஒன்று, நூலகத்தில் ஒன்று. ஆக ஐந்து. சனிக்கிழமை தோறும் மூன்றாம் அங்கத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். டாக்டர் ஒரு காகிதத்தில் நிமிடம் குறித்தார், நான் இன்னொன்றில் குறித்தேன். நம் இரண்டு பேரையும் மிஞ்சிய கிறுக்கர் அவர்.

முதலாவதில் பாடுகிறவளுக்கு 'அவசரக்காரி' என்று பெயர் வைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது போல் துணி மடிக்கிறாள், கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறாள். இரண்டாவது 'அழுமூஞ்சி'. ஒவ்வொரு வரிக்கும் விசும்பல். டாக்டருக்கு இவளைத்தான் பிடிக்கும், அதை நான் அவர்மேல் ஒரு குறையாகவே வைத்திருக்கிறேன். மூன்றாவது புதியது, ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்குச் சுத்தம், ஆனால் அவள் எதையும் விட்டுவிட்டுப் போகிறவளாகத் தோன்றவில்லை. துணிக்கடையில் நிற்கிறவள் மாதிரி இருக்கிறாள். நாலாவதுதான் நீ சொன்ன நேரடி மேடைப் பதிவு. இருமல், நாற்காலிச் சத்தம், ஒரு இடத்தில் யாரோ தும்முவது எல்லாம் இருக்கிறது. தட்டு இல்லை.

ஐந்தாவது நூலகத்தில் கிடைத்த பழைய மோனோ இசைத்தட்டு. உறை கிழிந்து, ஒரு பக்கம் கீறல் விழுந்து, யாரும் தொடாமல் கிடந்தது. அவள் வாயைத் திறந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்மவள். அக்கா, அது நம்மவள்தான். பெரிய குரல் இல்லை. மற்றவர்கள் மேடைக்குப் பாடுகிறார்கள், இவள் பக்கத்து அறையில் தனக்குத் தானே பாடுகிறாள். அந்த இடத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது, பின்னால் ஒரு ஊதுவாத்தியம் லேசாகப் பிசிறடிப்பது, எல்லாம் அச்சு அசல். நாள் முழுக்கக் காது பரிசோதிக்கிறவள் நான், என் காதுக்கே நீ காது குத்த முடியாது. அப்பா பதிந்தது இந்தத் தட்டிலிருந்துதான். இதிலும் தட்டு இல்லை.

அப்பா இசைத்தட்டு மெஷினையும் டேப் மெஷினையும் கம்பியால் இணைத்துப் பதியவில்லை, ஒலிபெருக்கிக்கு முன்னால் ஸ்டூலில் மைக்கை வைத்துத்தான் பதிந்தார் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். அப்படியென்றால் அந்தத் தட்டு நம் வீட்டு வாசலில் விழுந்தது. தட்டியது யார்? அப்பா ஏன் ஒவ்வொரு தடவையும் போய்த் திறந்தார்?

தட்டு விழ வேண்டிய இடத்திலிருந்து நாலு நிமிடம் பத்து நொடியில் இசைத்தட்டின் அந்தப் பக்கம் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகாவது யாராவது திறந்திருப்பீர்களே, சொல்.

அன்புடன்,
பொடிசு


மார்ச் 22

பொடிசுக்கு,

அக்கா எழுதுவது. சுகம். கடிதம் தாமதம், அச்சகத்தில் பாடப்புத்தக நேரம், தலை நிமிர நேரமில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல். இரண்டு ஆள் வந்து பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்து போய்விட்டார்கள், படிக்கட்டு வெறிச்சென்றிருக்கிறது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தண்ணீர்த் தொட்டி விரிசலைப் பற்றி விவரமாக எழுதியதற்கு நன்றி. நான் கேட்டது அதை அல்ல.

நீ மழுப்பும்போது உன் வரிகள் குட்டையாகிவிடும். அப்பாவுக்கும் அப்படித்தான். சரி, நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. உனக்குப் பதினைந்து. உன்னிடம் பதினைந்து வருஷத்து அம்மா இருக்கிறாள். என்னிடம் இரண்டு புகைப்படம். அதில் ஒன்றில் அவள் அசைந்துவிட்டதால் முகமே தெரியாது. அவள் குரல் எனக்கு நினைவில்லை. நாள் தோறும் குழந்தைகளை அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு ஒரு எண்ணம் வரும். அம்மாவின் சத்தம் ஒன்றைப் போட்டால் எனக்கு அடையாளம் தெரியுமா? கை தூக்குவேனா?

அந்த டேப் பதிந்தபோது அம்மா இருந்திருப்பாள். வெளியே போய்விட்டு வந்து தட்டியது அவளாக இருக்கலாம் இல்லையா? அப்படியானால் அது ஒன்றுதான் அம்மா எழுப்பிய சத்தம் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது. அது வெறும் தட்டாக இருந்தால் என்ன, அவள் கை பட்டதல்லவா? எனக்கு அது வேண்டும் அக்கா.

டேப்பை அனுப்பு. டாக்டரிடம் ஸ்பூல் போடுகிற பழைய மெஷின் இருக்கிறது. பூஞ்சை இருந்தால் துடைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பொடிசு


ஏப்ரல் 19

அன்புப் பொடிசுக்கு,

சுகம். நீ கேட்டபடி டேப்பைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் அலமாரியில் கடைசி அடுக்கில் இருந்தது. பழைய டேப், நடுவில் ஒரு இடத்தில் அறுந்துவிட்டது, ஒட்டியிருக்கிறேன். டப்பாவும் அழுக்காக இருந்ததால் புது லேபிள் ஒட்டினேன்.

அம்மாவின் குரல் உன் குரல்தான். போனில் நீ "அக்கா" என்று கூப்பிடும்போது சில சமயம் எனக்குப் பதில் சொல்ல வராது. லைன் சரியில்லை என்று நீ நினைத்துக்கொள்வாய்.

கண்ட நேரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்காதே.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

டேப் வந்தது. அறுந்த டேப்பை நான் பார்த்திருக்கிறேன். அது இழுபட்டு, நுனி சுருண்டு கிடக்கும். இது பிளேடால் சாய்வாக, பிசிறில்லாமல் வெட்டியது. அச்சகத்தில் இருபது பக்கத்துக்கு ஒரு தடவை இப்படி வெட்டி ஒட்டுகிற கை. தட்டு இருந்த இடத்தை மட்டும் அளந்து எடுத்திருக்கிறாய். கூடவே பாட்டில் இரண்டு அடியும் போய்விட்டது. நம்மவள் மூச்சை இழுக்கிறாள், அடுத்த நொடி எங்கேயோ நடுவில் பாடிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அது வேண்டும் என்று அவ்வளவு எழுதிய பிறகா வெட்டினாய்? கோபத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் டாக்டரிடம் கேட்டு மெஷினைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய், ஹெட்ஃபோன் மாட்டி, நீ ஒட்டிய இடத்துக்குப் பின்னால் இருப்பதைச் சத்தம் கூட்டிக் கேட்டேன். அந்த அறைக்குள் வெளிச் சத்தம் ஒரு பொட்டு வராது.

ஒட்டிய இடத்தை அடுத்து ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரோ எழுந்திருக்கிறார்கள், அல்லது எழுந்து உட்கார்கிறார்கள். பிறகு தரையில் சின்னப் பாதம் இரண்டு எட்டு. உடனே ஒரு குழந்தையின் குரல், மூடிய வாய்க்குள்ளிருந்து. வார்த்தை இல்லை. வாயைப் பொத்தினால் மூக்கால் ஒரு சத்தம் வருமே, அது. பிறகு பக்கம் முடியும் வரை ஒன்றும் இல்லை, பாட்டு மட்டும்தான். நம் வீட்டு ஒலிபெருக்கியில் இது யாருக்கும் கேட்டிருக்காது. உனக்கும் கேட்டிருக்காது, கேட்டிருந்தால் அதையும் வெட்டியிருப்பாய்.

அந்தக் குழந்தை யார்?

இன்னொன்று. டப்பாவின் மேலே புது லேபிள் ஒட்டினாய், மூடியின் உள்பக்கத்தைப் பார்க்க மறந்துவிட்டாய். அப்பாவின் கையெழுத்தில், பென்சிலில், ஒரு தேதி இருக்கிறது. வருஷா வருஷம் நாம் அம்மா படத்துக்கு விளக்கேற்றும் தேதி.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், பக்கத்து வீட்டு அத்தை வந்து கூட்டிப்போனார்கள் என்று நீதான் சொன்னாய். அத்தையின் பச்சைப் புடவை கூட எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருக்கிறதா, நீ சொன்னதா? இப்போது பயமாக இருக்கிறது அக்கா.

பொடிசு


ஜூன் 2

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. போனில் கேட்டால் "கேக்கல, கேக்கல" என்று வைத்துவிடுகிறாய். முழங்கால் எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா?

எனக்கு அந்த மூன்றாம் அங்கம் விடாமல் தலைக்குள் ஓடுகிறது. பஸ்ஸில், குளிக்கும்போது, ஒரு குழந்தை கை தூக்கக் காத்திருக்கும்போது. அந்த இடம் வந்ததும் நான் வீட்டுக் கதவையே பார்க்கிறேன் என்கிறார் இவர். நேற்று இரண்டு தடவை போய்த் திறந்தேனாம்.

எதுவானாலும் எழுது. எழுதாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

பொடிசு


ஜூன் 24

என் பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இதில் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தப் போவதில்லை.

அந்தக் குழந்தை நீதான்.

அந்த இசைத்தட்டுகள் அப்பாவின் மேலதிகாரியுடையவை. இரண்டு நாளைக்கு என்று கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தார். அன்று மாலை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து பதிந்தார். அவர் பதிகிற முறை உனக்கு நினைவிருக்காது. ஜன்னல் எல்லாம் சாத்தி, கடிகாரத்தை நிறுத்தி, வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். டேப் ஓடும்போது யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, அது வீட்டுச் சட்டம். அம்மாதான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "உங்கப்பா டேப் ஓட்டறப்ப எமனே வந்தாலும் வாசல்ல நிக்க வேண்டியதுதான்" என்பாள்.

உனக்கு அன்று காய்ச்சல், பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மூன்றாம் அங்கம் இருந்த அந்த ஐந்தாம் பக்கம் ஏற்கெனவே இரண்டு தடவை கெட்டுப்போயிருந்தது. ஒரு தடவை யாரோ மீட்டர் பார்க்க வந்து தட்டினார்கள். இன்னொரு தடவை நீ தும்மினாய். அப்பா கத்தியதில் நீ சுருண்டு என்னிடம் ஒட்டிக்கொண்டாய். மூன்றாம் தடவை ஆரம்பிப்பதற்கு முன்னால் அம்மா, "நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன், நீங்க நடத்துங்க" என்று போனாள். அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் போட்டது நான்.

தட்டு விழுந்தது. மூன்றே மூன்று, அதுவும் மெதுவாக. அப்பா தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கினார், யாரும் அசையாதே என்று. நான் எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன். நீ இறங்கி ஓடினாய். உனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. "அம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தாய். நான் உன்னை இழுத்து மடியில் போட்டு வாயைப் பொத்தினேன். நீ திமிறினாய், நான் விடவில்லை. மறுபடி அப்பா கத்துவாரே, உன்னைத் திட்டுவாரே என்றுதான். பக்கம் முடியும் வரை பொத்திக்கொண்டிருந்தேன். நீ அளந்தது சரி, நாலு நிமிடம் பத்து நொடி.

கையை எடுத்ததும் நீ கேட்டாய், "யாரு தட்டினாங்க?" அப்பா டேப்பை நிறுத்திக்கொண்டே, "அது பாட்டுல வர்றதும்மா" என்றார். அப்போது அவர் உன்னை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. கத்தியதற்குச் சமாதானமாக, விளையாட்டாகச் சொன்னார். அந்தப் பொய்யைத்தான் பிறகு எங்களால் விட முடியாமல் போயிற்று.

நான் போய்த் திறந்தேன். அம்மா மேல்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. முகமெல்லாம் வேர்வை, ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. அப்பா வண்டி பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது, மாலையில் போய்விட்டாள். "நாலு நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா?" என்று அப்பா டாக்டரிடம் கேட்டார். "சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்தச் 'சொல்ல முடியாது'வை வைத்துக்கொண்டுதான் அப்பா முப்பத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார்.

பள்ளிக்கூடம், பச்சைப் புடவை எல்லாம் நான் சொன்னது. நீ வளர்ந்து, நான் ஓடினேனே, அக்கா விடவில்லையே என்று நினைத்துவிடக் கூடாது என்று சொன்னேன். உனக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்காகத்தான். நீ என்னை வெறுத்துவிட்டால் எனக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா அந்த டேப்பைப் போட்டு, தட்டு வந்ததும் போய்த் திறப்பதை நீ விளையாட்டு என்று நினைத்தாய். நீயும் திறக்க ஓடுவாய், உன்னைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். அப்பா போன பிறகு நான் போய்த் திறக்கிறேன். அலமாரியை நான் திறப்பதில்லை என்று எழுதியது பொய். ஏப்ரலில் தட்டை வெட்டி ஒட்டிய பிறகு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. ஆனாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்து நின்றேன். படிக்கட்டில் யாரும் இல்லாததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வெட்டிய துண்டை எறியவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். அது அம்மாதான். அதை வைத்துக்கொள்ள உனக்குத்தான் உரிமை.

இன்னும் ஒன்று. இதை அப்பாவிடம் கூட நான் சொன்னதில்லை. கதவைத் திறந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்துப் பேசினாள். "டேப் ஓடுதேன்னு மெதுவாத்தான் தட்டினேன்டி. கெட்டுடலையே?" என்றாள்.

அக்கா


ஜூலை 21

அக்காவுக்கு,

மூன்று வாரம் பதில் எழுதாததற்கு நீ என்னவெல்லாம் நினைத்திருப்பாய் என்று தெரியும். முதலில் 'உன்மேல் எனக்குக் கோபம் இல்லை' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். பிறகு கோபம் என்று எழுதினேன், அதுவும் முழு உண்மையாக இல்லை.

துண்டை டாக்டர் ஒட்டிக் கொடுத்தார். அறையில் என்னை விட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். நம்மவள் மூச்சை இழுத்தாள். தட்டு விழுந்தது. அக்கா, என் கை தானாக மேலே போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, நான் கையைத் தூக்கிக்கொண்டே பக்கம் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

உன் கை என் வாயில் இருந்தது எனக்கு நினைவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன், வரவில்லை. அதனால் உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒரு சின்னதைத் திட்டு விழாமல் காப்பாற்றப் பார்த்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. பொய் சொன்னதற்குக் கோபம் உண்டு. அது நேரில் வந்து சண்டை போட்டால்தான் தீரும். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன், பத்து நாள் இருப்பேன். அப்பா மேலும் கோபம் இருக்கிறது. செத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லோரையும் விட எனக்கு அம்மா மேல்தான் கோபம். தினமும் எத்தனையோ சத்தத்தை அளக்கிறேன். இவ்வளவு மெதுவாக யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், அதுவும் நெஞ்சு வலிக்கும்போது இப்படித் தட்டவே மாட்டார்கள். ஓங்கித் தட்டியிருக்கக் கூடாதா அக்கா? டேப் கெட்டுப்போயிருக்கும், அப்பா கத்தியிருப்பார், நாம் மூன்று பேரும் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருப்போம்.

உன் தங்கை